ஒன்றரை வேகத்தில் ஒரு கிளாரினெட்

1

இந்தக் கதை என் உள்ளத்தில் ஊறி வந்ததல்ல. தொலைபேசியில் வந்தது. ஒரு பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டு, "நம்ம ஊர்லயே சொந்தமா வாத்தியம் வாசிச்சு, சொந்தமா பதிவு பண்ணி வெளியிடுற சின்னச் சின்னக் கலைஞர்களைப் பத்தி ஒரு சிறப்பிதழ் போடறோம். நீங்க ஒரு கதை குடுங்க" என்றார்.

"எனக்கு இசை தெரியாதே" என்றேன்.

"எங்களுக்கு மட்டும் தெரியுமா? நீங்க எழுதுங்க. பாசிட்டிவா இருக்கட்டும். கொஞ்சம் கண்ணீர் வந்தா நல்லது."

உடனே ஒப்புக்கொண்டேன். தெரியாத விஷயத்தைப் பற்றி எழுதச் சொன்னதற்காக மறுத்த எழுத்தாளர் யாரையும் நான் சந்தித்ததில்லை. உட்கார்ந்து எழுதிய முதல் தொடக்கம் இது:

"கிளாரினெட்டின் நாதம் ஒரு ஆற்றைப் போலப் பெருகி—"

[கைவிட்டேன். இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் ஏன் உடனே தண்ணீரில் இறங்கிவிடுகிறார்கள் என்று தெரியவில்லை. ஒருவருக்கு ஆறு, ஒருவருக்கு அருவி, ஒருவருக்கு அலை. யாராவது ஒருவராவது கரையில் உட்கார்ந்து கேட்டிருக்கலாம்.]

இரண்டாவது தொடக்கம்: "சொற்களே இல்லாத இசை, மௌனத்தின்—"

[மௌனத்தின் என்ன? 'மொழி' என்று முடித்தால் என் வீட்டிலேயே எனக்கு மரியாதை இருக்காது.]

மூன்றாவது தொடக்கம்: "அவள் பல் செய்கிறவள்."

இது நின்றது. இதில் தண்ணீரும் இல்லை, மௌனமும் இல்லை. இங்கிருந்தே போகலாம்.

2

அவள் பல் செய்கிறவள். பல் டாக்டர் அல்ல. டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதித்து, பல்செட்டாக்கித் திருப்பி அனுப்பும் கூடத்தில் வேலை. விடிந்ததும் போய் முகமூடி மாட்டிக்கொண்டால், மதியம் வரைக்கும் முகம் தெரியாதவர்களின் கடைவாய்ப் பற்களைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். வேலை சுத்தம். அவள் கட்டிய செட்டு "கடிக்குது" என்று திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. (ஒன்றிரண்டு வந்திருக்கும். கதாநாயகி என்பதால் கண்டுகொள்ளாமல் விடுகிறேன்.)

வேலை முடிந்து வந்து கிளாரினெட் வாசிப்பாள். ஏன் கிளாரினெட் என்று கேட்பீர்கள். புல்லாங்குழல் என்றால் உங்கள் மனதில் உடனே மாடு மேய ஆரம்பித்துவிடும். வயலின் என்றால் காதல் தோல்வி. கிளாரினெட் என்றால் உங்களுக்கு ஒன்றுமே வராது. எனக்கு அதுதான் வசதி.

தம்பியும் அவளும் மாடி வீட்டில் குடியிருந்தார்கள். தம்பிக்கு செல்போன் ரிப்பேர் கடை, கிதார் வாசிப்பான். கீழ்வீட்டில் ஒரு நர்ஸம்மா. இரவு வேலை முடித்து வந்து மதியத்தில்தான் தூங்குவார். ஒரு நாள் அவர் தூக்கக் கலக்கத்தோடு மாடியேறி வந்தார்.

"வாத்தியம் நல்லாத்தான்மா இருக்கு. ஆனா திடீர் திடீர்னு எழுப்பிவிட்டுடுது. எழுப்பாம வாசிக்க முடியுமா?"

வேறு யாராக இருந்தாலும் கோபித்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தியிருப்பார்கள். அவளுக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. எழுப்பாமல் வாசிக்க முடியுமா? அந்த வெயில் காலம் முழுக்க அதையே செய்து பார்த்தாள். ஒவ்வொரு ஸ்வரமும் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தொடங்க வேண்டும். எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியக்கூடாது. ஒரு மூச்சு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் போய், எப்போது முடிந்தது என்றும் தெரியாமல் முடிய வேண்டும். அப்படி வாசிக்க வாசிக்க, ஒரே ஒரு ஸ்வரத்துக்குள் இத்தனை இடம் இருக்கிறதா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவள் அதற்கு முன் எதையும் வாசித்ததில்லை.

தம்பிக்குத்தான் அவ்வளவு சந்தோஷம் இல்லை.

"நான் எப்பக்கா வாசிக்கிறது?"

"நான் மூச்சு வாங்குறப்ப."

"அதுவரைக்கும்?"

"சும்மா இரு."

அவன் சும்மா இருந்தான். அவள் மூச்சு வாங்கும் இடங்களில் மட்டும் ஒரு தந்தியைத் தட்டிவிட்டு மறுபடி சும்மா இருந்தான். அதற்கு 'மதியம்' என்று பெயர் வைத்து, படுக்கையறையில் போர்வைகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்து, செயலி ஒன்றில் ஏற்றினார்கள். ஏற்றிய கையோடு சித்தப்பா மகன், "அருமை! கண்ணீர் வந்துவிட்டது!" என்று எழுதினான். அதற்குள் முதல் மூச்சுகூட முடிந்திருக்காது.

அவளுடைய ஆசை சின்னது. சொந்தக்காரராக இல்லாத, கீழ்வீட்டில் தூங்காத யாராவது ஒருவர், அவள் வாசித்ததை அவள் வாசித்தபடியே கடைசிவரை கேட்க வேண்டும். பாராட்டக்கூட வேண்டாம். கேட்டால் போதும். இந்தக் கதையில் வேறு பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. இதை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

3

இவ்வளவையும் ஆசிரியருக்கு அனுப்பினேன். "கண்ணீர் எங்க?" என்று கேட்டார். நியாயம்தானே என்று இப்படி ஒரு பத்தி சேர்த்தேன்:

"அம்மா இறந்த அன்று மதியம், அவள் கிளாரினெட்டைக் கையில் எடுத்தாள். வாசிக்க முடியவில்லை. கண்கள்—"

வாக்கியம் முடிவதற்குள் கதைக்குள் தொலைபேசி அடித்தது. அம்மாதான்.

"என்னடி, என்னைக் கொன்னுட்டாங்களாமே?"

"அது கதைக்காகம்மா."

"கதைக்கு வேற ஆளே கிடைக்கலையா? உங்கப்பா சும்மாதானே உக்காந்திருக்காரு?"

"அம்மா, அவரு ஏதோ எழுதுறாரு, விடு."

"அந்த ஆளு நம்பரைக் குடு. உயிரோட இருக்கிறவளைப் பத்தி எழுதத் துப்பில்லையான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வெச்சிடறேன்."

பத்தியை எடுத்துவிட்டேன். அம்மா உயிரோடு இருக்கிறார். என்னைவிடத் திடமாக இருக்கிறார். மகளின் இசையைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு அபிப்பிராயம்தான் உண்டு. முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லாருக்குடி. எப்ப ஆரம்பிக்கும்?" என்றார்.

4

இனி விமர்சகர் வர வேண்டும். உள்ளூர் இசை வட்டாரத்தில் அவரைக் 'காது' என்பார்கள். பகலில் காப்பீட்டு நிறுவன அதிகாரி. மற்ற நேரமெல்லாம் சுயாதீனக் கலைஞர்களின் காவலர். கழுத்தில் எப்போதும் ஒரு பெரிய ஹெட்போன் தொங்கும், டாக்டருக்கு ஸ்டெதஸ்கோப் தொங்குவது போல. சினிமாப் பாட்டு காதில் பட்டால் முகத்தைச் சுளிப்பார். யாரும் கேள்விப்படாத ஒரு கலைஞரின் பெயரை நீங்கள் சொன்னால், "அவரோட பழைய பதிவுகள்தான் நல்லாருக்கும்" என்பார். அந்தக் கலைஞருக்குப் பழைய பதிவே இல்லாமல் இருந்தாலும்.

[இங்கே எனக்கு ஒரு சங்கடம். இவரை வில்லனாக எழுத ஆரம்பித்தேன். மீசையை முறுக்கக்கூட வைத்தேன். ஆனால் நான்கு வரி எழுதுவதற்குள் இவர் எனக்குத் தெரிந்த எல்லாரையும் போலவே ஆகிவிட்டார். இவர் பொய் சொல்கிறவர் அல்ல. இவருக்கு இசை உண்மையிலேயே பிடிக்கும். கேட்பதற்குத்தான் நேரமில்லை. மீசையை எடுத்துவிட்டேன்.]

நேரமில்லாத காதுக்காரர் என்ன செய்வார்? அலுவலகப் பயிற்சி உரைகளையும், அறிஞர்களின் பேச்சையும், புத்தகச் சுருக்கத்தையும் இசை கேட்கும் அதே செயலியில்தான் கேட்பார். ஒரு நாள் யாரோ ஒரு பேச்சாளர் இழுத்து இழுத்துப் பேசினார் என்று வேகத்தை ஒன்றரை மடங்காக்கினார். அப்புறம் அதை யாரும் இறக்கவில்லை. இப்போதைய செயலிகள் பெரிய கெட்டிக்காரர்கள். குரல் கீச்சென்று ஆகாமல், சுருதி பிசகாமல், வேகத்தை மட்டும் கூட்டித் தருகின்றன. அதனால் அவருக்குத் தெரியவே தெரியாது.

அன்றிலிருந்து இந்த ஊரில் வெளிவந்த ஒவ்வொரு இசைப் பதிவையும் அவர் ஒன்றரை வேகத்தில்தான் கேட்டார். கேட்டுவிட்டு, 'நம் இளைஞர்கள் ஏன் இத்தனை அவசரப்படுகிறார்கள்?' என்று ஒரு நீண்ட கட்டுரையும் எழுதினார். கட்டுரை நன்றாகப் பேசப்பட்டது.

அவருடைய மனைவிக்கு மட்டும் லேசாக உறுத்தியது. ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்த 'மதிய'த்தைக் கேட்டுவிட்டு அடுப்படியிலிருந்து, "ஏங்க, இது ஏன் யாரோ தொரத்துற மாதிரி ஓடுது?" என்று கேட்டார்.

காதுக்காரர் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "நீயா சொன்னே? அதான்டி அதோட அழகே!"

விமர்சனத்துக்குத் தேவையான சொல் அவருக்குக் கிடைத்துவிட்டது.

5

விமர்சனத்திலிருந்து:

"'மதியம்' என்ற தலைப்பு நம்மை ஏமாற்றுவதற்காக வைக்கப்பட்டது. இது ஓய்வு அல்ல, துரத்தல். கிளாரினெட் ஓடுகிறது, கிதார் அதன் குதிகாலை மிதித்துக்கொண்டே பின்னால் ஓடுகிறது. மூச்சு வாங்க நேரமில்லாத நம் காலத்தின் மூச்சிரைப்பை, ஒரு சொல்கூட இல்லாமல், நம் ஊரின் இந்த எளிய கலைஞர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்."

கூடவே, தான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எடுத்த செல்போன் திரையின் படத்தையும் போட்டார்.

விமர்சனம் பற்றிக்கொண்டது. ஆயிரக்கணக்கானவர்கள் அதைப் பகிர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் இசையைக் கேட்கவில்லை. அது அவர்களுடைய பெருந்தன்மை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். என்னை அசத்தியவர்கள் கேட்டவர்கள்தான். சாதாரண வேகத்தில் போட்டுக் கேட்டார்கள். கிளாரினெட் ஆடாமல் அசையாமல் ஒரே ஸ்வரத்தில் நின்றது. துரத்தல் எங்கே என்று தேடினார்கள். காணவில்லை. கோளாறு விமர்சனத்தில் இருக்கலாம் என்று ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. தங்கள் காதில்தான் கோளாறு என்று முடிவு செய்தார்கள்.

ஒரு பேராசிரியர் எழுதினார்: "மேலோட்டமாகக் கேட்பவர்களுக்கு இது மெதுவாகத் தோன்றும். ஆழ்ந்து கேட்டால்தான் வேகம் பிடிபடும்."

கீழே ஒருவர்: "எனக்கு மூன்றாவது முறை கேட்டபோதுதான் படபடப்பு வந்தது."

அதற்குக் கீழே இன்னொருவர்: "எனக்கு முதல் முறையே வந்துவிட்டது."

பல் கூடத்தில் உடன் வேலை செய்கிறவள் இதையெல்லாம் சத்தமாகப் படித்துக் காட்டினாள். நம் கிளாரினெட்காரிக்கு முதலில் தலைகால் புரியவில்லை. கையிலிருந்த மேல்வரிசைப் பற்களை மேசையில் வைத்துவிட்டு, முகமூடிக்குள்ளேயே சிரித்தாள். ஒருவர் கேட்டுவிட்டார்! கடைசிவரை கேட்டுவிட்டார்! அப்புறம்தான் ஒரு சொல்லில் தடுக்கி நின்றாள்.

"துரத்தலா? நான் யாரைத் துரத்தறேன்?"

6

[இந்தப் பகுதியை நீக்கிவிட்டேன். இதில் மழை பெய்தது. அவள் ஜன்னலோரம் நின்றாள். அவ்வளவுதான், நீங்கள் எதையும் இழக்கவில்லை.]

7

தம்பி ரிப்பேர்காரன். எந்தத் திரையைப் பார்த்தாலும் அவன் கண் முதலில் மூலைக்குத்தான் போகும். விமர்சகர் போட்டிருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவன், அப்படியே அக்காவிடம் நீட்டினான்.

"அக்கா, மூலையில பாரு."

"என்ன அது, ஒண்ணரை?"

"வேகம். இந்த மனுஷன் இதை ஒண்ணரை வேகத்துல கேட்டிருக்காரு."

அவள் படத்தைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். "எத்தனை பேரு இதைப் பகிர்ந்திருக்காங்க?"

"ஒருத்தர் கண்ணுலயும் படலைக்கா."

இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். கட்டிலில் சாய்ந்து சிரித்தார்கள். கீழே நர்ஸம்மா தூங்குகிறார் என்று வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார்கள். (ஆசிரியர் கேட்ட கண்ணீர் வந்துவிட்டது. சரிபார்த்துக்கொள்ளவும்.)

"போட்டுக் காட்டுடா, நாமளும் கேப்போம்."

தம்பி ஒன்றரை வேகத்தில் போட்டான். முதல் மூச்சுக்குச் சிரித்தார்கள். இரண்டாவது மூச்சுக்கு அவள் மட்டும் சிரித்தாள். அப்புறம் அவளும் சிரிக்கவில்லை.

நன்றாக இருந்தது.

இதை எழுதும்போது எனக்கே எரிச்சலாக இருக்கிறது. கேலிக்கூத்தாக இருந்திருந்தால் கதை எவ்வளவு எளிதாக முடிந்திருக்கும்! ஆனால் நன்றாக இருந்தது. அவள் மூச்சு வாங்கும் இடத்துக்காகக் காத்துக் கிடந்த கிதார், இடைவெளி சுருங்கியதில் இப்போது அவள் கூடவே ஓடி வந்தது. இரண்டு பேரும் பேசிக்கொள்வது போலக் கேட்டது. அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவனுக்கு அது பிடித்திருந்தது, மறைக்கத் தெரியவில்லை.

"நல்லாருக்குல்லக்கா?" என்றான் தயங்கி.

"ம்."

அவளுக்கு வயிறு எரிந்தது. தான் பெற்ற பிள்ளையை அடுத்த வீட்டுக்காரன் வேறு பெயர் வைத்துத் தூக்கிக்கொண்டு போய், அது அங்கே கொழுகொழுவென்று வளர்ந்து நிற்பதைப் பார்த்தது போல இருந்தது. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

இந்த நேரத்தில்தான் அரங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. ஊரிலேயே நல்ல அரங்கம். உள்ளூர்க் கலைஞர்களை வாசல் வரைக்கும்தான் விடுவார்கள். பொறுப்பாளர் தேனொழுகப் பேசினார். "அந்த மூச்சிரைப்பை அப்படியே மேடையில கொண்டுவரணும். சனங்க அதுக்காகத்தான் வர்றாங்க."

விஷயம் அம்மாவுக்குப் போனது. "அவங்க கேட்ட மாதிரி வேகமா வாசிச்சிட்டு வாயேன்டி. சீக்கிரம் முடியும், எல்லாரும் நேரத்தோட வீடு போய்ச் சேரலாம்."

மூன்றாவது நாள் தம்பி கிதாரைத் துடைத்துக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னான்: "நான் உன்னை வற்புறுத்தலை. ஆனா இத்தனை நாளா நீ மூச்சு வாங்குறப்ப மட்டும்தான் நான் வாசிச்சேன். ஒரே ஒரு தடவை நானும் கூட ஓடி வந்தா என்னக்கா?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்குச் சங்கடம். வேகமாக வாசித்தால் மொத்த அரங்கமும் கேட்கும், தம்பியின் கிதாரும் கேட்கும். அவளுடைய மதியத்தைத்தான் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மெதுவாக வாசித்தால்? அதை எப்படிக் கேட்பார்கள் என்று ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது.

8

நிகழ்ச்சியன்று மாலை, மேடைக்குப் பின்னாலிருந்த அறைக்குக் காதுக்காரர் வந்தார். நாற்காலிகள் குவித்துவைத்த சின்ன அறை. தம்பி மேடையில் ஒயர்களைச் சரிசெய்யப் போயிருந்தான். விமர்சகர், பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர் மாதிரி பூரித்துப் போய் நின்றார்.

"அரங்கம் நிறைஞ்சு வழியுதும்மா. பாத்தீங்களா?"

"சார், உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"நன்றியெல்லாம் வேண்டாம். கலைஞர்களைக் கண்டெடுக்கிறது என் கடமை."

"நன்றி இல்ல சார். நீங்க 'மதிய'த்தை ஒண்ணரை வேகத்துல கேட்டிருக்கீங்க. நீங்க போட்ட படத்துலயே இருக்கு." அவள் செல்போனை நீட்டினாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். எழுத்தாளனாக எனக்கு இருக்கும் ஒரே அதிகாரத்தைப் பயன்படுத்தி, இந்த இடத்தில் அவருக்கு மன்னிப்புக் கேட்க ஒரு வாய்ப்பு கொடுத்தேன். முழுசாக ஒரு வரி காலியாக விட்டு வைத்தேன்:

[                    ]

அவர் அதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"நான் எல்லாத்தையும் அப்படித்தாம்மா கேப்பேன். தேவையில்லாதது உதிர்ந்துடும். மிஞ்சுறதுதான் இசை." குரல் முதலில் லேசாக ஆடியது, பேசப் பேசத் திடமாகிவிட்டது. தான் சொல்வதை அவரே நம்ப ஆரம்பித்ததை அவள் கண்ணெதிரே பார்த்தாள். "படைக்கிறவங்களுக்குத் தன் படைப்போட சரியான வேகம் தெரியாது. அதுக்குத்தான் எங்களை மாதிரி ஆளுங்க இருக்கோம். தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வாசிச்சதுதான் தப்பான வேகம்."

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அந்த வேகம் நன்றாக இருக்கிறது என்பது தனக்குத் தெரியும் என்பதால் அது இரட்டிப்பாகப் பொங்கியது. "சார், நீங்க அதை ஒரு தடவையாவது நான் வாசிச்ச மாதிரி கேட்டீங்களா?"

"இன்னைக்குத்தான் கேக்கப் போறேனே! முன்வரிசையில உக்காந்திருக்கேன்." அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

9

ஆசிரியர் இதுவரைக்கும் படித்துவிட்டு, "முடிவு பாசிட்டிவா இருக்கணும், மறந்துடாதீங்க" என்றார். மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. அவள் மெதுவாகவே வாசிக்கிறாள். முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டுகிறது. பேராசிரியர், "என்ன வேகம்!" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். மறுநாள் காதுக்காரர், 'பதிவைவிட மேடையில் இன்னும் விறுவிறுப்பு' என்று எழுதுகிறார். அவள் வாசிக்காத ஒன்றுக்காக வாழ்நாள் முழுக்கப் புகழப்படுகிறாள். இந்த முடிவை எழுதியபோது நானே சத்தமாகச் சிரித்தேன். இரண்டாவது தடவை படித்தபோது சிரிப்பு வரவில்லை.

இரண்டு. அவள் வேகமாக வாசிக்கிறாள். தம்பி கூடவே ஓடி வருகிறான். பிரமாதமாக இருக்கிறது; அவளுக்கே பிடித்துப்போகிறது. காதுக்காரர், 'பதிவில் இருந்தது அப்படியே இருந்தது, புதிதாக ஒன்றுமில்லை' என்று எழுதுகிறார். அவள் சந்தோஷமாக இருக்கிறாள். இந்த முடிவில் எனக்குப் பயமாக இருப்பது அவளுடைய சந்தோஷம்தான்.

மூன்று. அவள் ஒலிவாங்கியைப் பிடித்து உண்மையைப் போட்டு உடைக்கிறாள். எல்லோரும் பேச்சுக்குக் கைதட்டுகிறார்கள். பேச்சு ஊரெல்லாம் பரவுகிறது. பலரும் அதை ஒன்றரை வேகத்தில் கேட்கிறார்கள். இசையை யாரும் கேட்கவில்லை. ஆசிரியருக்கு இதுதான் பிடித்தது. "சமூகத்துக்கு ஒரு செய்தி இருக்கு" என்றார்.

அவள் கேட்டது என்ன? ஒருவர், ஒரே ஒருவர், அவள் வாசிப்பதை வாசிக்கிறபடி கேட்க வேண்டும். மூன்று முடிவிலும் நான் அதைக் கொடுக்கவில்லை. அரங்கத்தை நிரப்பத் தெரிந்த எனக்கு, அதில் ஒருவரைக் கேட்க வைக்கத் தெரியவில்லை. மூன்றையும் தூக்கிப் போட்டுவிட்டேன். மேடையில் விளக்கு போட்டாகிவிட்டது. அவள் போய் நின்றுவிட்டாள். இனி நான் என்ன செய்ய முடியும் என்று பார்க்கலாம்.

10

தம்பி கிதாரை மடியில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். எந்த வேகம் என்று அவர்கள் கடைசிவரை பேசி முடிக்கவில்லை.

"அக்கா, எந்த வேகம்?" என்றான் உதட்டை அசைக்காமல்.

"என்னைப் பாத்துக்கிட்டே இரு."

"மெதுவா, வேகமா?"

"எனக்கே தெரியலைடா. நீ பாரு."

கிளாரினெட்டை உதட்டில் வைத்தாள். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து முதல் ஸ்வரம் வந்தது. எப்போது ஆரம்பித்தது என்று அரங்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. திடீரென்று அது அங்கே இருந்தது.

இரண்டு வேகத்துக்கும் முதல் ஸ்வரம் நீளமானதுதான். எவ்வளவு நீளம் என்பது இரண்டாவது ஸ்வரம் வரும்போதுதான் தெரியும். அதனால் இப்போதைக்கு இது துரத்தலா மதியமா என்று சொல்ல உலகத்தில் ஒருவராலும் முடியாது. காதுக்காரர் தாளம் தட்டக் கையைத் தூக்கினார். எங்கே தட்டுவது என்று தெரியாமல் கை அந்தரத்தில் நின்றது. பேராசிரியர் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லத் தயாராக வைத்திருந்த வார்த்தையைச் சொல்ல முடியாமல் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். படம் பிடித்துக்கொண்டிருந்த சிலர் செல்போனைத் தாழ்த்திவிட்டு நேராக மேடையைப் பார்த்தார்கள். எதை ரசிக்க வேண்டும் என்று யாரும் இன்னும் அவர்களுக்குச் சொல்லவில்லை. வேறு வழியில்லாமல் அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். ஒருவர் அல்ல, அத்தனை பேரும். அந்த வெயில் காலத்திலிருந்து அவள் ஆசைப்பட்டது இதுதான். அது இந்த ஒரு ஸ்வரத்தின் அளவுக்கு அவளுக்குக் கிடைத்திருக்கிறது. அவளுக்குக் கண் கலங்கியது. விரலை அசைக்கவில்லை. தம்பியும் தந்தியின் மேல் விரலை வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது ஸ்வரத்தை நான் எழுதினால் அந்த நொடியே காதுக்காரரின் கை கீழே இறங்கும், பேராசிரியர் வாயைத் திறந்த காரியம் நடக்கும், எல்லோருக்கும் எல்லாம் புரிந்துவிடும். அதனால் எழுத மாட்டேன். ஆசிரியர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், எடுக்கவில்லை. இந்தக் கதையில் நான் அவளுக்குச் செய்யும் ஒரே உதவி இதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

ஆனால் ஒன்றை யோசிக்காமல் விட்டுவிட்டேன். அவள் எழுத்தில் நிற்கவில்லை, மூச்சில் நிற்கிறாள். நான் நிறுத்திவைத்திருக்கும் ஒவ்வொரு வரிக்கும் அவள் நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகிக்கொண்டிருக்கிறது. கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. ஸ்வரத்தின் ஓரம் நடுங்க ஆரம்பித்துவிட்டது. முன்வரிசைக்கு இன்னும் தெரியாது, எனக்குத் தெரிகிறது.

இங்கேயே நிறுத்தினால் அவளுக்கு மூச்சு முட்டும். மேலே எழுதினால் அவர்கள் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். எனக்கு இரண்டுக்கும் மனம் வரவில்லை, பேனாவை மூடிவிட்டேன். அடுத்த ஸ்வரம் மெதுவா வேகமா என்பதை நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம். அவளால் இதற்கு மேல் பிடிக்க முடியாது.